கருஞ்சட்டையும் இனச்சுட்டும்: இத்தாலியப் பாசிச ஆட்சியில் சீருடை

முன்னுரை

உடை மெய்யைக் காப்பது, மானத்தையும் காப்பது. இவ்விரண்டோடு அமையாது, உடுத்தவர் இன்னார் என்பதைப் பிறர்க்கு உணர்த்துவதும் அதன் தொழிலாம். பலர் ஒரே நிறமும் ஒரே அமைப்பும் உடைய ஆடையை ஒருங்கே உடுப்பின் அதனைச் சீருடை என்கிறோம். இஃது அண்மைக் காலத்து ஆக்கச்சொல்லே ஆயினும், இதன்கண் உள்ள 'சீர்' என்னும் சொல் தொன்மையது. ஒழுங்கு என்றும் சிறப்பு என்றும் பொருள்படுவது. எல்லாரும் உடுப்பதனால் ஒழுங்கு புலப்படும்; சிலரே உடுப்பதனால் சிறப்புப் புலப்படும். இவ்விரு பொருளும் ஓருடையின்கண் நெடுங்காலம் சேர்ந்து நிற்றல் அரிது. அவை யாங்ஙனம் பிரிந்தன என்பதற்கு 1919 முதல் 1945 வரை இத்தாலியில் நிகழ்ந்த வரலாறு தக்க சான்றாக உள்ளது.

அடையாளம் வேண்டப்படுவது வேறுபாடு அறிதற்பொருட்டே என்பது தமிழ் கற்றார்க்குப் புதிய செய்தியன்று. சேரர் படைஞர் போந்தையும், பாண்டியர் படைஞர் வேம்பும், சோழர் படைஞர் ஆத்தியும் சூடியமை தொல்காப்பியப் புறத்திணையியலிற் கூறப்படுகிறது. இருபடையும் விரவிப் பொரும் களத்தில் தம்மவர் இவர், மாற்றார் இவர் எனத் தெளிதற்கு அப்பூக்கள் பயன்பட்டன. களத்தில் உள்ளார் அனைவரும் வேம்பே சூடுவராயின் வேம்பு எதனையும் அறிவியாது.

சொல்லிலக்கணமும் இக்கருத்தையே வேறொரு நெறியில் உணர்த்துகிறது. இனச்சுட்டு இல்லாத பண்படை செய்யுட்கே உரியது, வழக்கிற்கு உரியதன்று என்பது கிளவியாக்கத்துள் காணப்படும் விதி. செந்தாமரை என்புழிச் செம்மை வெண்டாமரையை விலக்கித் தன் பொருளைத் தெரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்புழி விலக்குதற்குப் பிறிதொரு ஞாயிறு இல்லை. ஆதலின் அச்செம்மை அணியாய் நிற்பதன்றி ஒன்றனை மற்றொன்றினின்று பிரிப்பதில்லை. முன்னதைப் பிறிதின் இயைபு நீக்கிய அடை என்றும், பின்னதைத் தன்னோடு இயைபின்மை நீக்கிய அடை என்றும் உரையாசிரியர் வகுத்துரைப்பர்.

சீருடையும் மாந்தர்க்கு இடப்பட்ட அடைமொழி போல்வதே. இத்தாலியக் கருஞ்சட்டை தோன்றிய காலத்துச் செந்தாமரையின் செம்மை போல இனஞ்சுட்டி நின்றது. ஆட்சி முற்றிய காலத்துச் செஞ்ஞாயிற்றின் செம்மை போல வாளா அணியாய் நின்றது. மாற்றுடையையெல்லாம் அழித்துத் தன் உடையை எல்லார்க்கும் உடுத்திய ஆட்சி, தன்னவர் யார் என அறியும் வழியைத் தானே அடைத்துக்கொண்டது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

சட்டை அரசியற்குறியாதல் இத்தாலிக்குப் புதிதன்று. 1843இல் தென் அமெரிக்காவின் மோந்தேவிதேயோ நகரில் கரிபால்டி திரட்டிய இத்தாலியப் படைஞர் செஞ்சட்டை அணிந்தனர். இறைச்சிக்கூடத் தொழிலாளர்க்கென நெய்யப்பெற்று விலைபோகாது கிடந்த துணியே அது என்பர். 1860இல் கரிபால்டி ஏறத்தாழ ஆயிரவரோடு சிசிலியில் இறங்கி நாட்டை ஒன்றுபடுத்தும் பணியில் வெற்றி கண்டபின், செஞ்சட்டை விடுதலையின் குறியாயிற்று. அரசு தந்த உடையை நீத்துத் தாமே விரும்பி ஏற்ற சட்டையோடு வந்த தொண்டர்கள் வரலாற்றை மாற்றினர் என்னும் நினைவு இத்தாலியர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்துப் பாசிசர் இந்நினைவைத் தமக்கு உரிமையாக்கிக்கொள்ள முயன்றனர்.

கறுப்பின் வரவு வேறு வழியது. முதல் உலகப்போரின்போது 1917இல் இத்தாலியப் படையுள் 'அர்தீதி' என்னும் தாக்குதற் படைகள் அமைக்கப்பட்டன. 'துணிந்தோர்' என்பது அப்பெயரின் பொருள். பதுங்குகுழிகளில் கிடந்து போரிடும் ஏனைய வீரரினின்றும் இவர்கள் தம்மை வேறுபடுத்திக் கொண்டனர். கழுத்துப்பட்டையில் கருஞ்சுடர் வடிவம், தலையில் குஞ்சம் தொங்கும் கரிய பெஸ் தொப்பி, இடையில் குத்துவாள், வாளைப் பல்லிற் கவ்விய மண்டையோட்டுச் சின்னம் ஆகியன இவர்தம் அடையாளங்கள். சாவை இகழ்ந்து நோக்கும் செருக்கே அக்கருமையின் குறிப்பு. போர் முடிந்தபின் தொழிலும் மதிப்பும் இழந்து திரிந்த இவருட் பலரைப் புதிய இயக்கம் ஈர்த்துக்கொண்டது. இவர்கள் பாடிய 'ஜியோவினெட்சா' என்னும் பாட்டும் பின்னர்ப் பாசிசக் கட்சியின் பாட்டாயிற்று.

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் மிலான் நகரத்துச் சான் செபோல்குரோ சதுக்கத்து மண்டபம் ஒன்றில் முசோலினி தம் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் கவிஞர் தனுன்சியோ படைஞர் சிலரோடு பியூமே நகரைக் கைப்பற்றி 1920இன் இறுதிவரை ஆண்டார். மாடத்தில் நின்று கூட்டத்தை வினவுதல், கூட்டம் ஒருகுரலாய் விடையிறுத்தல், கையை உயர்த்தி வணங்குதல் முதலிய சடங்குகள் ஆங்கே உருப்பெற்றன. அவற்றை முசோலினி பின்னர்த் தமதாக்கிக் கொண்டார்.

1920இன் இறுதி முதல் போ ஆற்றுச் சமவெளியில் கருஞ்சட்டைக் குழுக்கள் பெருகின. நிலக்கிழார் பலர் பொருளுதவி செய்தனர். காவலர் பலர் கண்டும் காணாதிருந்தனர். உழவர் சங்கங்களும் கூட்டுறவு நிலையங்களும் செய்தித்தாள் அலுவலகங்களும் எரிக்கப்பட்டன. எதிர்த்தோர் தடியால் அடியுண்டனர். பலர் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றப்பட்டது. உயிரிழந்தோரும் பலர். இக்காலத்துச் சட்டை ஒரே அளவினதும் அமைப்பினதும் அன்று. ஊர்தோறும் குழுதோறும் சின்னங்கள் வேறுபட்டன. ஆயினும் அதன் பொருள் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. தெருவில் கருஞ்சட்டை வரக் கண்ட தொழிலாளி கதவை அடைத்துக்கொண்டான். அச்சட்டையை உடுத்தவன் தன் விருப்பத்தால் உடுத்தான். உடுத்ததனால் பழிக்கும் பகைக்கும் தன்னை உரியவன் ஆக்கிக்கொண்டான். இனச்சுட்டு நிறைந்து நின்ற காலம் இது.

1922 அக்டோபர் 28ஆம் நாள் உரோமை நோக்கிய அணிவகுப்பு நிகழ்ந்தது. மழையில் நனைந்து, போதிய படைக்கலமும் இன்றி வந்த அக்கூட்டத்தை அரசுப்படை எளிதில் கலைத்திருக்கலாம். மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் முற்றுகை ஆணையில் கையொப்பமிட மறுத்தார். மிலானிலிருந்து புகைவண்டியில் வந்த முசோலினி, 30ஆம் நாள் ஆட்சியமைக்கும் பொறுப்பை ஏற்றார். கருஞ்சட்டைத் தலைவர் அதன்பின் சில ஆண்டுகள் வட்டத்தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து, பிற நாட்டு அமைச்சரைப் போன்றே தோன்றினார் என்பது குறிக்கத்தக்கது. தெருவிற்கு ஓர் உடை, அவைக்கு ஓர் உடை என இருவகை உடை அவர்க்கு வேண்டியிருந்தது.

நிறமும் பொருளும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். கறுப்பு என்னும் நிறத்திற்கே அச்சந்தரும் பொருள் இயல்பாக உண்டோ எனின், இல்லை என்க. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வழக்கால் அமைதல் போல, நிறத்திற்கும் கருத்திற்கும் உள்ள உறவும் வழக்கால் அமைவதே. அக்காலத்து இத்தாலியிலேயே அரசின்மைக் கொள்கையரின் கொடியும் கறுப்பாக இருந்தது.

செருமானிய நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். இட்லரின் தாக்குதற் படையினர் பழுப்புச்சட்டை அணிந்தனர். முதல் உலகப்போரிற் கிழக்கு ஆப்பிரிக்கப் படைக்கென உண்டாக்கப்பட்டு எஞ்சிய சட்டைகள் கிடைத்தமையே அந்நிறம் வாய்த்ததற்குக் காரணம் என்பர். 1930இல் பிரசிய அரசு பழுப்புச் சட்டையைத் தடை செய்தபோது அப்படையினர் வெண்சட்டை அணிந்து அணிவகுத்தனர். தூய்மைக்கும் அமைதிக்கும் உரியதெனக் கருதப்படும் வெண்மை, கண்டோர்க்கு அன்று அச்சத்தையே தந்தது. நிறம் மாறியும் பொருள் மாறவில்லை. பலர் ஒருங்கே உடுத்துப் பிறரினின்று பிரிந்து நின்றமையே அதற்குக் காரணம். இங்கிலாந்தில் 1936ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் குறித்ததொரு நிறத்தைத் தடை செய்யாது, அரசியல் அமைப்போடு உள்ள தொடர்பைக் காட்டும் சீருடையையே பொது இடங்களில் தடை செய்தது. உண்மையை உணர்ந்து இயற்றிய சட்டம் அது.

தமிழகத்தார்க்குக் கருஞ்சட்டை என்ற அளவில் நினைவிற்கு வருவது பெரியார் 1945இல் அமைத்த கருஞ்சட்டைப் படையாகும். 1948இல் சென்னை மாகாண அரசு தடை விதித்த அமைப்பு அது. சாதியால் தாழ்த்தப்பட்ட மக்களின் இழிவைக் காட்டும் துயரக்குறியாகவே அதன்கண் கறுப்பு கொள்ளப்பட்டது. இரண்டும் நிறத்தால் ஒன்றாயினும் பொருளால் வேறாம். பெயரொப்புமை கொண்டு இரண்டனையும் இணைத்து மயங்குதல், ஒருசொற் பல்பொருளை ஒருபொருளென மயங்குவதனோடு ஒக்கும்.

கழுத்துப்பட்டை கூறும் வரலாறு

ஆட்சியைப் பெற்றபின் குழுக்களை என் செய்வது என்னும் வினா எழுந்தது. 1923 சனவரியில் அரசாணையால் 'நாட்டுப் பாதுகாப்புத் தன்னார்வப் படை' நிறுவப்பட்டது. தெருக்குழுவின் சட்டை அரசு செலவில் தரும் சீருடையாயிற்று. படைப்பிரிவுகளுக்கும் பதவிகளுக்கும் லீஜியன், கோகார்ட்டு, செஞ்சூரியன், கான்சல் எனப் பழைய உரோமப் பெயர்கள் மீட்டு வழங்கப்பட்டன. நேற்றுவரை தடியேந்திய இளைஞன் இன்று செஞ்சூரியன் எனப்பட்டான். பெயரும் ஓர் உடையாய் அவனைப் போர்த்தது.

இப்படையினர் இத்தாலியப் படையின் சாம்பற்பச்சை மேலங்கியைக் கருஞ்சட்டையின்மேல் அணிந்தனர். அம்மேலங்கியின் கழுத்துப்பட்டை நுண்ணிதின் நோக்கத்தக்கது. 1871 முதல் இத்தாலியப் படைஞர் அனைவரும் கழுத்துப்பட்டையில் ஐம்முனை விண்மீன் அணிந்து வந்தனர். படைச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பதன் குறி அது. புதிய படையினரோ விண்மீனை நீக்கி அவ்விடத்துக் கோற்கட்டினை அணிந்தனர். கோற்கட்டு என்பது கோடரியைச் சூழக் கோல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. பண்டை உரோமில் ஆட்சித்தலைவர்க்கு முன்னே ஏவலர் ஏந்திச் சென்றது. 'பாசியோ' என்னும் அதன் பெயரினின்றே பாசிசம் என்னும் பெயர் வந்தது. 1926இல் அது நாட்டின் அரசுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. நம்மவர் கோலைச் செங்கோல் என்றும் கொடுங்கோல் என்றும் அடை கொடுத்துப் பிரித்தனர். நேர்மை நோக்கியே கோல் மதிக்கப்பட்டது. கோற்கட்டிலோ கட்டின் இறுக்கமே மதிக்கப்பட்டது. கோல் ஒவ்வொன்றும் நேரியதா என்பது வினவப்படவில்லை.

அப்படை தொடக்கத்தில் மன்னர்க்கு உறுதிமொழி கூறவில்லை, முசோலினிக்கே கடமைப்பட்டிருந்தது. 1924 சூனில் சமவுடைமைக் கட்சி உறுப்பினர் மத்தேயோத்தி கொலையுண்டமையால் நாடு கொதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அப்படை மன்னர்க்கு உறுதிமொழி கூற நேர்ந்தது. நாவு மன்னர்க்கு உரியதாயிற்று. கழுத்துப்பட்டை கட்சிக்கு உரியதாகவே நின்றது. ஒருநாட்டில் இருபடை உண்டு என்னும் உண்மையை அச்சிறு துணித்துண்டு இருபது ஆண்டு பறைசாற்றியது.

சிறார் உடை

1926 ஏப்பிரல் 3ஆம் நாள் 'பலில்லா' என்னும் சிறுவர் அமைப்புச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1746இல் செனோவா நகரில் ஆசுத்திரியப் படைஞர்மேல் முதற் கல்லெறிந்தான் எனக் கூறப்படும் சிறுவனின் புனைபெயர் அது. எட்டு முதல் பதினான்கு அகவை வரை உள்ள ஆண்மக்கள் பலில்லா எனவும், பதினெட்டு வரை உள்ளார் முன்னணியர் எனவும் வகுக்கப்பட்டனர். எட்டு அகவைக்குக் கீழ்ப்பட்ட குழவிகள் 'ஓநாயின் மக்கள்' எனப்பட்டனர். உரோம் நகரை நிறுவிய இரட்டையரை ஓநாய் பாலூட்டி வளர்த்தது என்னும் பழங்கதை பற்றி எழுந்த பெயர் இது.

பலில்லாச் சிறுவன் கருஞ்சட்டையும் சாம்பற்பச்சை அரைக்காற்சட்டையும் நீலக் கழுத்துத்துணியும் குஞ்சம் தொங்கும் கரிய தொப்பியும் அணிந்தான். ஓநாயின் மக்கள் மார்பின் குறுக்கே வெண்ணிற வார்களைப் பூண்டு, அவை கூடுமிடத்து முசோலினியின் முதலெழுத்து வடிவான கொளுவியைத் தாங்கினர். சிறுமியர் வெண்சட்டையும் கரிய மடிப்புப் பாவாடையும் உடுத்தனர். ஆடவர்க்குரிய படைநிறம் மகளிர்க்கு மேற்சட்டையிற் கொடுக்கப்படாமை நோக்கத்தக்கது. ஆண் போரிற்கும் பெண் இல்லறத்திற்கும் உரியர் என்னும் ஆட்சியின் கொள்கை நிறப்பகுப்பிலேயே புலப்பட்டது.

இவ்வுடைக்கு எதிராய் நின்ற உடைகளும் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. 1926 நவம்பரில் ஏனைக் கட்சிகள் கலைக்கப்பட்டன. 1928இல் கத்தோலிக்கச் சாரணர் அமைப்புக் கலைக்கப்பட்டது. சாரணச் சிறுவனின் சட்டை இருந்தவரை பலில்லாச் சிறுவனின் சட்டைக்கு இனம் இருந்தது. அது மறைந்தபின் பள்ளி முற்றம் முழுதும் ஒரே நிறமாயிற்று. உறுப்பினராதல் தொடக்கத்தில் விருப்பத்திற்கு உரியதாகக் கூறப்பட்டது எனினும், விலகி நிற்கும் சிறுவன் ஆசிரியர் கண்ணிலும் தோழர் கண்ணிலும் தனித்துத் தோன்றினான். உடுத்தவனைச் சுட்டிய உடை, இப்பொழுது உடுக்காதவனைச் சுட்டலாயிற்று.

மொழிக்கும் ஓர் உடை

1931 திசம்பர் முதல் 1939 அக்டோபர் வரை கட்சிச் செயலாளராய் விளங்கிய அகிலே சுதராச்சே சீருடையை ஒரு சமயமாகவே ஆக்கினார். இன்னவிழாவிற்கு இன்னவுடை, இன்ன பதவிக்கு இன்ன பட்டை என ஆணைத்தாள்கள் ஓயாது வெளிவந்தன. 1935இல் சனிக்கிழமைப் பிற்பகல் 'பாசிசச் சனி' என ஒதுக்கப்பட்டு, மக்கள் சீருடையோடு பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் அழைக்கப்பட்டனர். கைகுலுக்குதல் ஆண்மைக்கு இழுக்கென விலக்கப்பட்டுக் கைநீட்டி வணங்கும் உரோம வணக்கம் வற்புறுத்தப்பட்டது. 1938இல் அரசு ஊழியர்க்கும் சீருடை வகுக்கப்பட்டது. எழுத்தரும் கணக்கரும் படைஞர் போல் தோன்றினர்.

துணியும் கொள்கைக்கு உட்பட்டது. எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தமை பற்றி நாடுகளின் கழகம் 1935 நவம்பரில் பொருளியல் தடை விதித்தது. உள்நாட்டுப் பொருளே போதும் என்னும் தன்னிறைவுக் கொள்கை முழங்கிற்று. சார்தீனியத் தீவின் ஆயர்க்கு உரியதாய் இருந்த 'ஒர்பாச்சே' என்னும் முரட்டுக் கம்பளித்துணி கட்சித் தலைவர்களின் சீருடைக்குக் கொள்ளப்பட்டது. பாலின் புரதத்தினின்று செய்த 'லானித்தால்' என்னும் செயற்கைக் கம்பளியும் புகழப்பட்டது. நனைந்தால் வலிவிழப்பது அதன் குறை. மலையாயர் மழைக்கும் குளிருக்கும் போர்த்த துணியை நகரத்து அதிகாரிகள் மாளிகைகளில் அணிந்து வெயர்த்தனர்.

மொழியாராய்ச்சியாளர் சிறப்பாகக் கருதத்தக்கது 1938இல் முன்னிலைப் பெயர்மேற் செலுத்தப்பட்ட ஆணையாகும். இத்தாலிய மொழியில் மதிக்கத்தக்காரை 'லேய்' என்னும் சொல்லால் விளித்தல் பெருவழக்கு. அது படர்க்கைப் பெண்பால் ஒருமை வடிவம். 'வோய்' என்பது முன்னிலைப் பன்மை, நம் 'நீர்' என்பது போல ஒருவரையும் மதிப்புப் பற்றிக் குறிக்கும், தென்னித்தாலியில் வழங்குவது. 'லேய்' அடிமைத்தன்மை உடையது, அயல்வழக்கு எனக் கூறி ஆட்சி அதனை விலக்கி 'வோய்' என்பதனை வற்புறுத்தியது. 'லேய்' என்னும் பெயருடைய மகளிர் இதழ் ஒன்று 'அன்னபெல்லா' எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அவ்விதழின் பெயர் 'அவள்' என்னும் பொருளது; விளிவழக்கோடு தொடர்பற்றது. சொல்லின் பொருளை நோக்காது வடிவை மட்டும் நோக்கி அஞ்சிய அச்சத்திற்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வாணையின் பயனோ எதிர்மறையாயிற்று. நேப்பிள்சு நகரத்து மெய்யியல் அறிஞர் பெனதெத்தோ குரோச்சே தம் நாட்டு வழக்குப்படி இயல்பாகவே 'வோய்' என விளித்து வந்தவர். ஆணை பிறந்தபின் அவர் 'லேய்' என விளிக்கத் தொடங்கினார் என்பர். அதுவரை வெறும் மதிப்புச்சொல்லாய் இருந்த ஒன்று, விலக்கப்பட்டதனால் கொள்கைச் சொல்லாயிற்று. மாற்று இல்லாத இடத்து இனஞ்சுட்டும் ஆற்றல் அழிகிறது. மாற்று ஒன்று தோன்றிய அளவில் அவ்வாற்றல் அம்மாற்றினிடம் சென்று சேர்கிறது.

வில்லையும் உள்ளமும்

1930களில் அரசுப்பணி பெறுதற்குக் கட்சி உறுப்பினர் சீட்டு இன்றியமையாததாயிற்று. சீருடை அணியாத நேரத்தும் மேற்சட்டையின் மடிப்பில் கட்சி வில்லையை அணிவது வழக்கமாயிற்று. அதனை மக்கள் 'சிமிச்சே' என்றனர். மூட்டைப்பூச்சி என்பது அதன் பொருள். கட்சிப் பெயரின் முதலெழுத்துகளான பி.என்.எப். என்பவற்றைக் 'குடும்பத் தேவை பற்றி' என்னும் பொருள்தரும் தொடரின் முதலெழுத்துகளாக விரித்து நகையாடினர். சோற்றுக்காகக் குத்திக்கொண்ட வில்லை என்பது கருத்து. 1921இல் உயிரை ஈடுவைத்து அணிந்த சின்னமும் 1935இல் ஊதியம் கருதி அணிந்த சின்னமும் கண்ணுக்கு ஒன்றே. எவர் எதன்பொருட்டு அணிந்தார் என்பதை ஆட்சியாளர் அறிதற்கு வழியில்லை.

கல்விக்கழகத்தாரும் இதற்கு விலக்கல்லர். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு உறுதிமொழி கூற வேண்டும் என ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேராசிரியருள் மறுத்தவர் பன்னிருவர் அளவினரே. கணித அறிஞர் வீத்தோ வோல்தேர்ரா, பண்டை வரலாற்று ஆசிரியர் கயெத்தானோ தே சாங்திசு, செமித்திய மொழிகளில் வல்ல சார்சியோ லேவி தெல்லா வீதா, கலை வரலாற்றாசிரியர் லியோனெல்லோ வெந்தூரி ஆகியோர் அவருட் சிலர். அவர்கள் பதவி இழந்தனர். ஏனையோர் அனைவரும் உள்ளத்தாற் பாசிசர் எனல் பொருந்தாது. மாணாக்கரைக் கட்சியாளர் கையில் விட்டு விலகலாகாது எனக் கருதிக் கையொப்பமிட்டோரும் உளர். அங்ஙனமே செய்யுமாறு குரோச்சேயே சிலர்க்கு அறிவுரை கூறினார். எனினும் கையொப்பம் கையொப்பமே. பின்வந்த மாணாக்கர் தம் ஆசிரியருள் நம்பிக்கையால் ஒப்பியவர் யார், அச்சத்தால் ஒப்பியவர் யார், கடமை கருதி ஒப்பியவர் யார் எனப் பிரித்தறிய இயலாது நின்றனர். மறுத்த பன்னிருவரே ஐயமின்றி அறியப்பட்டனர்.

1938இல் யூதர்க்கு எதிரான இனச்சட்டங்கள் இயற்றப்பட்டன. யூத மாணாக்கரும் ஆசிரியரும் பள்ளிகளினின்றும் பல்கலைக்கழகங்களினின்றும் நீக்கப்பட்டனர். படையினின்றும் கட்சியினின்றும் யூதர் விலக்கப்பட்டனர். 1922இல் உரோமை நோக்கி நடந்தவருள்ளும் யூதர் இருந்தனர். அவர்தம் கருஞ்சட்டை அவர்க்குக் காப்பாகவில்லை. இச்சட்டங்களுக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒன்று தெளிவு: உடையும் உறுதிமொழியும் கொண்டு 'நம்மவர்' எனத் தழுவிய ஆட்சி, அவ்வுடைக்கு மதிப்பில்லை எனத் தானே கூறிப் பிறப்பை அடையாளமாகக் கொண்டது.

வீழ்ச்சி

1943 சூலையில் நேசநாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. அத்திங்கள் 24ஆம் நாள் மாலை பாசிசப் பேரவை கூடியது. உறுப்பினர் அனைவரும் கரிய சீருடையோடு வருமாறு பணிக்கப்பட்டிருந்தனர். நள்ளிரவு கடந்து வாக்கெடுப்பு நிகழ்ந்தது. படைத்தலைமையை மன்னரிடம் திரும்ப ஒப்புவிக்க வேண்டும் என்னும் தீனோ கிராந்தியின் தீர்மானத்தை 19 பேர் ஆதரித்தனர். எதிர்த்தோர் 7 பேர். ஒரே உடை உடுத்து ஒரே மேசையைச் சூழ்ந்திருந்தவருள் பெரும்பாலார் தம்மைக் கைவிடுவர் என்பதை முசோலினி அவ்வுடையைக் கொண்டு அறிய முடிந்திலது. மறுநாள் மன்னரைக் காணச் சென்றபோது அவர் சீருடையில் செல்லவில்லை, பொதுமக்கள் உடையிற் சென்றார், ஆங்கே சிறைப்படுத்தப்பட்டார்.

அன்றிரவு வானொலியிற் செய்தி பரவியதும் மக்கள் தெருவில் திரண்டனர். மடிப்பினின்று பிடுங்கி எறியப்பட்ட வில்லைகள் தெருவெங்கும் கிடந்தன. கருஞ்சட்டைப் படை எதிர்த்து எழவில்லை. அடுத்த நாட்களில் அப்படை நாட்டுப்படையோடு சேர்க்கப்பட்டு, கழுத்துப்பட்டையில் கோற்கட்டு நீக்கி விண்மீன் பொருத்தப்பட்டது. இருபது ஆண்டு ஆட்சியின் முடிவை ஊசியும் நூலும் எழுதின எனலாம். செருமானியர் உதவியால் முசோலினி வட இத்தாலியில் 1943 செப்டம்பரில் வேறோர் அரசை நிறுவியபோது, அவ்வரசின் படைஞர் விண்மீனை நீக்கி உரோமக் குறுவாளைப் பொருத்திக்கொண்டனர். விண்மீன், கோற்கட்டு, மீண்டும் விண்மீன், குறுவாள் என அச்சிறு இடத்தில் ஒரு நாட்டின் பிளவு முழுதும் பதிந்துள்ளது.

அவ்வடபுலத்துப் போரில் அரசுப்படையை எதிர்த்த மலைப்போராளிகட்கு ஒரே உடை இல்லை. பலர் கழுத்தில் கட்டிய வண்ணத்துணியே அடையாளம். ஆயினும் அத்துணிக்குப் பொருள் இருந்தது. பிடிபடின் உயிர் போகும் என அறிந்தே கட்டினர். 1920இல் கருஞ்சட்டைக்கு இருந்த சுட்டும் ஆற்றல் இப்பொழுது அதன் பகைவரிடம் சென்று சேர்ந்தது.

1945 ஏப்பிரல் 27ஆம் நாள் கோமோ ஏரிக்கரையில் தோங்கோ என்னும் ஊரில், பின்வாங்கிச் சென்ற செருமானியர் ஊர்தியொன்றில் முசோலினி பிடிபட்டார். அப்பொழுது அவர் உடலைப் போர்த்தது செருமானிய வான்படையின் மேலங்கி. ஒரு நாட்டுமக்கள் அனைவர்க்கும் உடை வகுத்தவர் பிறநாட்டார் உடையிற் புகுந்து தம்மை மறைக்க முயன்றார். நாட்டிற்கே சீருடை வகுத்த சுதராச்சே மிலான் தெருவில் உடற்பயிற்சி உடையோடு அகப்பட்டார் என்பர். 29ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். சீருடையின் பொருள் நிறத்தில் இல்லை. அது பிறவுடையினின்று வேறுபட்டு நிற்கும் நிலையில் உள்ளது என்பது ஒன்று. அவ்வேறுபாடு அழிந்தபின் உடை ஒழுங்கைக் காட்டுமேயன்றி உள்ளத்தைக் காட்டாது என்பது மற்றொன்று. கட்டாயத்தால் ஒரு குறி பொதுவாக்கப்படின், அக்குறியை மறுக்கும் சிறு செயலும் பெருங்குறியாய் ஒளிரும் என்பது மூன்றாவது. குரோச்சேயின் ஒரு சொல்லும் பன்னிரு பேராசிரியரின் மறுப்பும் இதற்குச் சான்றாம்.

பாசிச ஆட்சியின் வன்முறைக்கு ஆளாகி மாண்டோரை நினையுமிடத்து, உடையாராய்ச்சி சிறுபொருளாகத் தோன்றலாம். ஆயின் அவ்வன்முறை முதன்முதல் மக்கள் கண்ணிற் பட்டது ஒரு சட்டை வடிவிலேயாம். அதனைத் தெருவிற் கண்டபோதே பொருளுணர்ந்து தடுத்திருப்பின் அது பள்ளி முற்றம்வரை சென்றிராது. குறியின் பொருளை உரிய காலத்தில் உணர்தல் இலக்கணம் கற்றார்க்கு மட்டும் உரிய கடமையன்று. எனினும் அவர்க்கு முதற்கண் உரிய கடமை என்க.